அஞ்சல் பெட்டியும் அரச இலச்சினையும்

பிரித்தானியத் தெருக்களில் நிற்கும் வார்ப்பிரும்பு அஞ்சல் பெட்டிகளின் முகப்பில், அவை நிறுவப்பட்ட காலத்து அரசரின் பெயரெழுத்துகள் பொதுவாக இலச்சினையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆட்சி மாறினும் பழைய பெட்டிகள் அகற்றப்படுவதில்லை. ஆதலால் இவ்விலச்சினை பெட்டியின் காலத்தைக் கணிக்க உதவும் சான்றாகிறது. 1936இல் ஓராண்டுக்கும் குறைவாக ஆண்ட எட்டாம் எட்வர்டின் இலச்சினையுடைய பெட்டிகள் அரியன.

எனினும், இலச்சினை காலத்தை மட்டும் காட்டுவதன்று. அரசுரிமை ஏற்கப்பட்டதையும் மறுக்கப்பட்டதையும் அது சுட்டுகிறது. 1922இல் தனியரசான அயர்லாந்து, பெட்டிகளைப் பெயர்த்தெறியாமல் சிவப்பின்மீது பச்சை வண்ணம் பூசியது. விக்டோரியாவின் பெயரெழுத்துகள் அவ்வண்ணத்தினூடே புடைப்பாக இன்றும் புலப்படுகின்றன.

ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத் ஆண்டதில்லை. எனவே, 1952இல் அரியணையேறிய அரசியை ‘இரண்டாம்’ எலிசபெத் எனக் குறித்தது அங்கு எதிர்ப்பைத் தோற்றுவித்தது. எடின்பரோ நகரின் இஞ்ச் பகுதியில் அவ்விலச்சினையுடன் நிறுவப்பட்ட பெட்டி 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்ட புதிய பெட்டிகளில் பெயரெழுத்துகளுக்கு மாற்றாக அந்நாட்டு மணிமுடியின் உருவமே இடம்பெற்றது.

அயர்லாந்தில் நிறம் மாறி எழுத்து நிலைத்தது. ஸ்காட்லாந்தில் நிறம் நிலைத்து எழுத்து நீங்கியது. ஆகவே, ஒரு பெட்டியில் பொறிக்கப்பட்டதோடு, பூசி மறைக்கப்பட்டதும் பொறிக்காது விடப்பட்டதும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன.