மலைச்சரிவுக்கு ஒரு தராசு

திருவனந்தபுரத்தில், காந்தளூர்ச் சிவன் கோயிலும் தமிழ் அக்கிரகாரங்களும் அமைந்த வலியசாலையை அடுத்திருப்பது சாலைக் கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் தோற்றுவித்த அவ்வங்காடியில் தலைமுறை தலைமுறையாக வணிகத்திற்கு ஆதாரமாக விளங்கியது இருதட்டுத் தராசு. மலைச்சரிவில் ஏறும் நீரழுத்தத்தை அறிந்து மக்களை எச்சரிக்க உதவும் கருவிகளிலும் அத்தராசின் தத்துவமே செயற்படுகிறது.

நிலச்சரிவு பெரும்பாலும் மழைநீர் மண்ணுள் இறங்கி, மண்துகள்களிடையே அழுத்தம் பெருகுவதால் நேர்கிறது. அழுத்தத்தை அளக்கும் உணரி தருவது மின்னழுத்தம். கணிப்பொறிக்கு வேண்டுவதோ எண். முன்னதைப் பின்னதாக மாற்றுவது அனலாக்–டிஜிட்டல் மாற்றி.

எண்ணாகும் முறை

2048, 1024, 512 என ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாகக் குறையும் 12 படிக்கற்கள் இருப்பதாகக் கொள்வோம். கனத்த கல்லை முதலில் வைத்து, அது மிகையானால் நீக்கி, குறைவானால் இருத்தி, அடுத்த கல்லை வைக்க வேண்டும். 12 ஒப்பீடுகளில் 4,096 நிலைகளுள் உரியது தெரிந்துவிடும். 12 பிட் மாற்றியின் பணி இதுவே.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 5 வோல்ட் ஊட்டப்படும் உணரி, முழு அழுத்தத்திலும் 10 மில்லிவோல்ட் அளவே தரக்கூடும். 5 வோல்ட்டை 4,096 படிகளாகப் பகுத்தால் ஒரு படி 1.2 மில்லிவோல்ட், உணரியின் முழு வீச்சும் எட்டே படிகளில் அடங்கிவிடும். ஆகவே, குறியைப் பெருக்கிய பின் அளக்க வேண்டும். அல்லது 24 பிட் வரை நுணுகும் டெல்டா–சிக்மா வகை மாற்றியைக் கையாள வேண்டும்.

நீண்ட கம்பிகளில் அயல் மின்னலைகளும் புகுந்துவிடும். தராசைப் பிடித்த கை அசைந்தால் இரு தட்டுகளும் சேர்ந்தே அசையும். முள் காட்டுவது வேறுபாட்டை மட்டுமே. அதுபோல, இரு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் அளக்கும் மாற்றியில், இரண்டிலும் ஒத்துப் புகுந்த இரைச்சல் பெரிதும் கழிந்துவிடும்.

மின்சிக்கனம்

மலையில் மின்கம்பம் இராது. மழைக்கால முகிலால் சூரிய மின்சாரமும் குன்றும். 3,000 மில்லிஆம்பியர்–மணி மின்கலம், 1 மில்லிஆம்பியர் இடையறாது செலவானால் 125 நாட்களில் தீரும். தென்மேற்குப் பருவமழையுடன் அதன் ஆயுள் முடிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு ஏதும் எஞ்சாது. நிமிடத்திற்கு ஒரு விநாடி மட்டும் விழித்து அளந்து உறங்கும் மாற்றிக்கோ, அச்செலவு ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகிறது. மிஞ்சும் மின்சாரம் செய்தியை அலைபரப்பப் பயன்படும்.

கேரளத்தின் மூணாற்றில், அந்தோணியார் காலனி மலைச்சரிவில் அமிர்தா விசுவ வித்யாபீடம் இத்தகைய உணரிகளை நிலத்துள் புதைத்துக் கம்பியில்லா வலையமைப்பாக இணைத்தது. 2009ஆம் ஆண்டுப் பருவமழையின்போது அதன் அளவீடுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நுண்கருவி மட்டுமே உயிர்களைக் காத்துவிடாது. உணரிகளைக் காலந்தோறும் சரிபார்க்கும் பணியாளரும், செய்தியை உரிய நேரத்தில் ஏற்றுச் செயற்படும் மாவட்ட நிர்வாகமும், வெளியேறும் வழியறிந்த மக்களும் உடன் வேண்டும். ஆயினும் அளவு பிழையானால் ஏனைய முயற்சிகள் யாவும் பயனற்றுப் போகும். தராசு நேர்மையாக இருத்தல் அங்காடியிலும் மலையிலும் ஒருங்கே இன்றியமையாதது.