கோழிகளின் இறகுக் குறையும் பரம்பரையும்

வீட்டில் பொரித்து வளர்க்கும் கோழிகளில் சில, இறகு சுருண்டோ உதிர்ந்தோ காணப்படுமாயின், அது நோயா பரம்பரையா என்னும் ஐயம் எழுவது இயல்பு. பேன், ஒன்றையொன்று கொத்துதல், உணவுக் குறைவு, ஆண்டுதோறும் நிகழும் இறகுதிர்வு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் இன்றி, ஒரே சேவலுக்கும் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளில் ஈடுதோறும் அதே குறை தோன்றினால், பரம்பரையை ஐயுறலாம்.

இந்திய நாட்டுக் கோழிகளிடையே காணப்படும் சுருள் இறகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இப்பண்புக்குரிய ஜீனைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழியின் இறகுகள் வெளிப்புறம் வளைந்திருக்கும். கோழி நலமாகவே வாழும். உடற்சூடு எளிதில் வெளியேறுவதால் வெப்பப் பகுதிகளுக்கு இது ஏற்றதுங்கூட. இசத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நாட்டுக் கோழியைக் கலந்தே 'உப்காரி' என்னும் வகையை உருவாக்கியது. ஆனால் இருவரிடமிருந்தும் அந்த ஜீனைப் பெற்ற குஞ்சின் நிலை பரிதாபமானது. இறகுகள் நொய்ந்து ஒடிந்து, உடல் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய அது மிகுதியாகத் தின்னும், இதயமும் பெருத்துவிடும். சுருளுடன் சுருளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று இவ்வாறு பிறக்கும். சுருளுடன் நேரிறகுக் கோழியைச் சேர்த்தால் பாதி சுருள், பாதி நேர். வெற்றுடல் குஞ்சு தோன்றாது. அழகுக்கென்று இரு புறமும் சுருளையே தேர்பவர் தாமே நஷ்டத்தைத் தேடிக்கொள்கிறார்.

பட்டுப்போன்ற இறகின் வழி வேறு. இது மறைந்து வரும் பண்பு. பெற்றோர் இருவரும் சாதாரண இறகுடன் இருப்பர். பெட்டைமீது மட்டும் பழி சுமத்துவது தவறு. இருவருமே ஜீனைத் தாங்கியவர்கள். ஒரு சேவலைச் சோதிக்க, அதனைப் பட்டிறகுப் பெட்டையுடன் சேர்க்கவேண்டும். ஒரு குஞ்சேனும் பட்டிறகுடன் வளர்ந்தால் ஐயம் தீர்ந்தது. ஏழு குஞ்சுகளும் சாதாரணமாயின், ஜீனைத் தாங்கிய சேவலொன்று தப்பியிருக்கும் வாய்ப்பு 128-இல் ஒன்றே.

சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் முந்தைய சேவல்தான். அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரங்கள் உயிருடன் இருக்கும். எனவே புதிய சேவலுடன் விட்ட முதல் மூன்று வார முட்டைகளை அடைக்கு வைத்தலாகாது. முட்டைமீது பெட்டையின் எண்ணைப் பென்சிலால் குறித்து, குஞ்சுகளின் காலில் வளையமிட்டு, குஞ்சுத்தூவி நீங்கி உண்மையான இறகு வளர்ந்தபின் கணக்கிடவேண்டும். இடையில் இறந்த குஞ்சுகளையும் ஏட்டில் பதியவேண்டும். நலிந்தவையே முதலில் இறப்பதால், எஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் விகிதம் பிழையாகும்.