கொரிய நாடகங்கள் காட்டும் ஊர்



குடமுருட்டி ஆறு பாயும் பாபநாசத்திற்கும் கொரிய நாட்டிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். இடையே கடல்கள் பல உள்ளன. ஆயினும் அந்நாட்டுத் தொடர் நாடகங்கள் நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி, ‘பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்’ முதலிய கொரிய நாடகங்களைத் தமிழ் பேசவைத்து ஒளிபரப்பியது. இப்பொழுது கைப்பேசியிலேயே அவற்றைக் காண்கிறோம். நானும் ஆர்வத்தோடு காண்பவர்களுள் ஒருவன். அவற்றால் என் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

அந்நாடகங்களில் பிள்ளைகள் பெற்றோரை அழைக்கும் ஒலி நம் செவியில் ‘அம்மா’, ‘அப்பா’ என்றே விழுகிறது. இதனைக் கொண்டு இரு மொழியும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை என்று கூறுவோர் உண்டு. கொரியாவில் வாழ்ந்த ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டிலேயே இலக்கண நூல் ஒன்று எழுதினார். இக்கால மொழியியல் அறிஞர்கள் அவ்வுறவை ஏற்பதில்லை. குழந்தையின் வாயில் எளிதில் பிறக்கும் ஒலிகள் உலகெங்கும் பெற்றோரைக் குறிக்கும் சொற்களாவது இயல்பு.

அங்ஙனமாயின், அந்நாடகங்கள் நமக்கு அந்நியமாகத் தோன்றாதது ஏன்? விடை சோற்றில் இருக்கிறது என்பது என் கருத்து. நாம் நெல், அரிசி, சோறு என மூன்று சொற்கள் வைத்திருக்கிறோம். கொரியரும் வயலில் நிற்பதற்கு ஒரு சொல், உமி நீக்கியதற்கு ஒரு சொல், உலையில் வெந்ததற்கு ஒரு சொல் என வைத்திருக்கின்றனர். எதிர்ப்பட்டவரை நலம் வினவும்போது “சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்பதும் இரு நாட்டார்க்கும் பொது வழக்கம்.

‘ரிப்ளை 1988’ என்னும் நாடகத்தைப் பாருங்கள். சியோல் நகரத்துச் சந்து ஒன்றில் ஐந்து குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டில் சமைத்த கறி மறுவீட்டிற்குச் செல்கிறது; கொண்டுசென்ற பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதில்லை. மூத்தவளின் பிறந்தநாள் அப்பத்தையே தனக்கும் வைப்பதைப் பொறாமல் இரண்டாவது மகள் அழுகிறாள். தந்தை, தந்தையாக இருப்பது தமக்கும் இதுவே முதல்முறை என்று சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். கதை இவ்வளவே. ஆயினும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. செல்வந்தன் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிப்பதும், தற்செயலாக நிகழ்ச்சிகள் கூடிவருவதும் மிகுதி. மேலும், நாடகமே நாடு ஆகிவிடாது. காதலை இத்துணை அழகாகக் காட்டும் அந்நாட்டில், 2023ஆம் ஆண்டில் பெண் ஒருவர்க்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 0.72 மட்டுமே, உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்று அது. படிப்பின் சுமையும் வேலையின் சுமையும் வீட்டுச் செலவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. திரையின் ஒளியில் மயங்கி இவற்றை நாம் மறத்தலாகாது.

எனினும், ஒரு நாடகம் செய்த நற்செயலை உங்களுக்குச் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டில் ‘எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ’ என்னும் தொடர் வெளிவந்தது. அதில் ஓர் ஊரின் நடுவே பெருஞ்சாலை போடத் திட்டமிடுகின்றனர். குன்றின்மேல் நிற்கும் முதுமரத்திற்கும் ஆபத்து நேர்கிறது. ஊரார் வழக்காடி, இறுதியில் மரம் பிழைக்கிறது. படப்பிடிப்புக்குப் பயன்பட்ட மரம் சாங்வொன் நகரைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் உண்மையாகவே நிற்கிறது. அகவை ஏறத்தாழ 500. நாடகத்தைக் கண்ட மக்கள் அதனைக் காணத் திரண்டனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அரசு அம்மரத்தை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. கதையில் நிகழ்ந்தது நாட்டிலும் நிகழ்ந்தது!

நூற்றாண்டுகளாக அங்கேயே நின்ற மரந்தான். கதையாகக் கேட்டபிறகே நாடு அதனை ஏறிட்டுப் பார்த்தது. கொரிய நாடகங்களிலிருந்து நாம் கொள்ளவேண்டியது இதுவே என்பேன். தலைமயிர் ஒப்பனையையும் உடையையும் பின்பற்றுவது எளிது. தம் சந்தையும், தம் அடுக்களையையும், தம் மரத்தையும் அவர்கள் எத்துணை கருத்தோடு நோக்குகிறார்கள் என்பதைக் கற்பது அரிது.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலைச் சார்ந்து, நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கல்லால் ஓங்கி நிற்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும்போது அதனைக் கடந்து செல்வோர் உங்களுள் இருப்பீர்கள். அதில் நெல் கொட்டியவர் யார்? அளந்தவர் யார்? அது நிறைந்திருந்த நாளிலும் பசித்திருந்தவர் யார்? இவ்வினாக்களுக்குள் எத்தனையோ நாடகங்கள் உறங்குகின்றன. அடுத்த கொரிய நாடகத்தைத் தடையின்றிக் கண்டு மகிழுங்கள். ஆனால், அதன்பின் ஒருநாள் அக்களஞ்சியத்தின்முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். அதன் கதையை எழுதவேண்டியவர்கள் நீங்களே.