கோட்டைக்குள் ஒரு நிகாஹ்

வேலூர்ப் புரட்சியைப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் அதில் வரும் ஒரு கல்யாணம் நினைவிலிருக்கும். 1806 ஜூலை 9ஆம் நாள் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருவருக்குத் திருமணம் நடந்தது. கல்யாணக் கூட்டத்தைச் சாக்காக வைத்துச் சிப்பாய்கள் திரண்டனர். விடிவதற்குள் கலகம் வெடித்தது. இவ்வளவுதான் பாடம். அடுத்த பத்தியில் கர்னல் பேன்கோர்ட் வருவார். கில்லஸ்பி குதிரைப்படையோடு வருவார். மணப்பெண் மீண்டும் வருவதேயில்லை. அவருடைய பெயரைக்கூடப் பாடநூல் சொல்வதில்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பதால் நாமும் கேட்பதில்லை.

சுல்தான் திப்பு ஷஹீதின் வீரத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படாத ஆண்டில்லை. வாளைப் பற்றிப் பேசுகிறோம், புலியைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வீட்டுப் பெண்மக்கள் பிறகு என்ன ஆனார்கள்? இப்படி ஒரு கேள்வி நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வாயிலிருந்து வந்தால் பதில் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கண்டமங்கலத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். திப்பு என்றாலே மைசூர்ச் சீமை என்று நினைப்போருக்கு ஒரு செய்தி: மூன்றாம் மைசூர்ப் போரின்போது அவருடைய படை நம் பகுதிக்கே வந்தது. தியாகதுருகத்தை முற்றுகையிட்டு, திருவண்ணாமலையைக் கைப்பற்றி, 1791 ஜனவரியில் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள பெருமுக்கல் கோட்டையையும் பிடித்தபின், பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடிப் புதுச்சேரி அருகே பாளையம் இறங்கினார் சுல்தான். உதவி கிடைக்கவில்லை. அதே வேளையில் காரன்வாலிஸ் பெங்களூரை நோக்கிப் புறப்பட்டதால் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயிக்கு இங்கிருந்து அனுப்பிய வேண்டுகோள் மட்டும் பலித்திருந்தால்... சரி, அது வேறு கதை.

அடுத்த ஆண்டே, 1792இல், அவர் தம் புதல்வர்கள் இருவரைப் பிணையாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்ற அந்தச் சிறுவர்களைக் காரன்வாலிஸ் கைநீட்டி வரவேற்கும் காட்சியை ஆங்கில ஓவியர்கள் தீட்டிக்கொண்டேயிருந்தார்கள். திப்புவின் பெண்மக்களுக்கு அப்படி ஓர் ஓவியம் இல்லை. கோஷா வீட்டுக்குள் ஓவியர் நுழைய முடியாது. அவர்களைத் தீட்டுவதில் வெற்றி பெற்றவர்களுக்கு ஆதாயமும் இல்லை.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டை வாயிலருகே வீழ்ந்தோரின் குவியலில் இரவு விளக்கு வெளிச்சத்தில் தேடித்தான் சுல்தானின் உடலை அடையாளம் கண்டனர். மறுநாள் தந்தை ஹைதர் அலியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அரண்மனை அந்தப்புரங்களில் இருந்த பெண்கள் ஏறத்தாழ 600 பேர். எல்லோரும் மனைவியர் என்று எண்ணிவிடாதீர்கள். ஹைதர் அலியின் காலத்து முதிய பெண்மணிகள், சுல்தானின் மனைவியர், மகள்கள், உறவுப் பெண்கள், பணிப்பெண்கள், பாட்டும் ஆட்டமும் கற்றவர்கள் என்று ஒரு சிற்றூருக்குரிய கூட்டம் அது. ஒரே பொழுதில் அத்தனை பேரும் கிழக்கிந்தியக் கும்பெனியின் பொறுப்பாகிவிட்டார்கள்.

மூத்த இளவரசர்கள் நால்வரைச் சில வாரங்களுக்குள் வேலூருக்கு அனுப்பினார்கள். பெண்கள் சீரங்கப்பட்டணத்திலேயே மூன்றாண்டுகள் காத்திருந்தனர். 1802இல் ஏறத்தாழ 550 பெண்கள் மைசூர்ச் சீமையை விட்டு மலை இறங்கி வேலூர்க் கோட்டையை அடைந்தார்கள். தந்தையின் கபுரு ஒரு நாட்டில், மகளின் வாசம் இன்னொரு நாட்டில் என்று ஆயிற்று.

வேலூரில் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஹைதர், திப்பு இருவரின் குடும்பங்களுக்குமாக ஆண்டொன்றுக்கு 2 இலட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் ஒதுக்குவதென்று 1799ஆம் ஆண்டு மைசூர்ப் பங்கீட்டு உடன்படிக்கையில் எழுதியிருந்தார்கள். கும்பெனியின் பெருந்தன்மை என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சுல்தானிடமிருந்து பிடுங்கிய நிலத்தின் வருவாயிலிருந்து! சொந்த வீட்டு நெல்லைப் பிறர் கையால் படியளந்து வாங்குவது போலத்தான் அது. படியளக்கும் பொறுப்பு தாமஸ் மேரியட் என்ற ஆங்கில அதிகாரியிடம் இருந்தது. அந்தப்புரச் செலவுக் கணக்கும் அவர் மேற்பார்வையில்தான்.

இந்த நிலையில் பெண்மக்களுக்கு மணமுடிக்கும் காலம் வந்தது.

தந்தை இல்லாத பெண்ணுக்குப் பாட்டனார், அவரும் இல்லையேல் உடன்பிறந்த ஆண்மக்கள் வலீயாக முன்நிற்பது நம் மார்க்க வழக்கம். பாட்டனார் ஹைதர் அலி 1782லேயே மறைந்துவிட்டார். உடன்பிறந்தாரோ தாங்களே காவலில் இருந்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதானாலும், விருந்தினர் வாயிலைக் கடப்பதானாலும், கும்பெனிக் காவலரைத் தாண்டித்தான் வரவேண்டும். ஓர் அரசரின் மகளுக்குச் சீர் எவ்வளவு, விருந்து எவ்வளவு என்பதெல்லாம் உதவித்தொகைக் கணக்கில் ஒரு வரி. நிகாஹ் மஜ்லிஸில் ‘கபூல்’ சொல்வது மாப்பிள்ளைதான். ஆனால் அதற்கு முன்பே இன்னொருவர் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இந்தக் குடும்பத்தைத் தோற்கடித்தவர்.

ஜூலை 9ஆம் நாள் மணவிழா நடந்த கோட்டையில், சில வாரங்களாகவே சிப்பாய்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். புதிய உடை விதிகளின்படி தாடியை மழிக்க வேண்டும். நெற்றிக்குறியும் காதணியும் கூடாது. தொப்பியைப் போன்ற தோற்றமும் தோல் குஞ்சமும் கொண்ட புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். மே மாதத்தில் மறுத்தவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் தலைக்கு 900 கசையடி. இதற்கெல்லாம் காரணம் திப்புவின் மகளுடைய கல்யாணமா? ஆனால் பிறகு எழுதியவர்கள் பலருக்கு அந்தக் கல்யாணம் வசதியாகப் போயிற்று. தங்கள் ஆணையின் முட்டாள்தனத்தை மறைக்கச் சுல்தான் வீட்டுச் சதி என்ற திரை தேவைப்பட்டது. இளவரசர்களில் சிலருக்குச் சிப்பாய்களோடு தொடர்பு இருந்திருக்கலாம். அதை மறுக்க நான் வரவில்லை. மணப்பெண்ணின் பெயரால் எழுந்த கலகம் அன்று. அவ்வளவே என் வழக்கு.

10ஆம் நாள் விடிவதற்கு முன் துப்பாக்கிகள் முழங்கின. கோட்டைத் தளபதி பேன்கோர்ட்டும், 69ஆம் படைப்பிரிவின் வெள்ளையர் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். கொடிமரத்தில் மைசூர்ப் புலிக்கொடி ஏறிற்று. இளவரசர் ஃபத்தேஹ் ஹைதர் அரசரென்று அறிவிக்கப்பட்டார். ஏழாண்டுகளுக்குப் பின் அந்தக் கொடியை அந்தப்புரத்துப் பெண்கள் தங்கள் சாளரங்களிலிருந்து கண்டிருப்பார்களோ? கண்டிருந்தாலும் சில மணி நேரம்தான். 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை காலையிலேயே வந்துவிட்டது. வாயில் பீரங்கியால் தகர்க்கப்பட்டது. பிறகு நடந்தது போரன்று. மாளிகைக்குள் அடைக்கலம் புகுந்த நூறு சிப்பாய்கள்வரை வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். இதைப் பதிவு செய்தவர்கள் நம்மவரல்லர். உடனிருந்த ஆங்கிலேயரே எழுதி வைத்தார்கள். முதல்நாள் மணவாழ்த்து ஒலித்த வீட்டின் முற்றத்தை ஒட்டி, மறுநாள் அது நடந்தது. மருதாணிச் சிவப்பு மாறியிராத கைகள் அந்த வீட்டுக்குள் இருந்தன.

அதன்பின் ஆண்களுக்கு ஒரு தண்டனை, பெண்களுக்கு வேறொரு தண்டனை. அந்த ஆண்டே இளவரசர்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பெண்களில் பெரும்பாலோர் வேலூரிலேயே விடப்பட்டனர். தந்தையை இழந்தபோதும் உடன்பிறந்தோர் ஒரே கோட்டைக்குள் இருந்தார்கள் என்ற ஆறுதல் ஒன்று மிஞ்சியிருந்தது, அதுவும் போயிற்று. கல்கத்தாவுக்குச் சென்றவர்களில் இளையவரான குலாம் முஹம்மது 1795இல் பிறந்தவர். அப்போது வயது 11. அவர் வளர்ந்து தர்மதலாவில் தந்தையின் பெயர் விளங்கும் பள்ளிவாசலைக் கட்டினார், இலண்டன் சென்றார், 1872வரை வாழ்ந்தார். ஆண்மக்களின் வரலாற்றைத் தேடினால் இப்படிக் கிடைக்கிறது. கல்லும் காரையுமாக நிற்கிறது. சகோதரிகளுக்கோ உதவித்தொகைப் பட்டியல்தான் வரலாறு.

இது நம் சுல்தான் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதே வேலூர்க் கோட்டைக்கு 1816இல் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டார். கீழைக் கோடியிலுள்ள கொரியாவில் கோஜோங் மன்னரை ஜப்பானியர் 1907இல் அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1912இல் பிறந்த அவருடைய மகள் தொக்கே, தந்தை இறந்து சில ஆண்டுகளில், 1925இல் படிப்பின் பெயரால் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டாள். 1931இல் ஒரு ஜப்பானியப் பிரபுவுக்கு மணமுடித்தார்கள். மாப்பிள்ளையைத் தேர்ந்தது பெண்ணின் குடும்பமன்று, நாட்டைப் பிடித்தவர்கள். மனநோயால் நெடுங்காலம் அவதியுற்று, மணவிலக்கும் பெற்று, 1962இல்தான் தாய்நாடு திரும்ப முடிந்தது. 1989இல் இறந்தார். அந்தப் பெண்மணிக்காவது பெயர் நின்றது. அவர் கதையைத் திரைப்படமாகவும் எடுத்துவிட்டார்கள்.

நம் சுல்தானின் பெண்வழி முற்றிலும் மறைந்துவிடவில்லை. பரோடாவில் புகழ்பெற்ற இசைவாணர் மௌலா பக்ஷ் என்பவரின் மனைவி காசிம் பீ. அவர் திப்புவின் பேத்தி என்றும், ஆபத்துக்கு அஞ்சி விசுவாசமான பணியாளர்கள் அவரை மறைத்து வளர்த்தார்கள் என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காசிம் பீயின் மகள் கதீஜா பீ. கதீஜா பீயின் மகன், மேலை நாடுகளில் சூஃபி நெறியைப் பரப்பிய ஹஸ்ரத் இனாயத் கான். அவருடைய மகள்தான் நூருன்னிஸா என்ற நூர் இனாயத் கான். ஹிட்லரின் படை பிரான்ஸைப் பிடித்திருந்தபோது பாரிஸில் மறைந்திருந்து கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பி, பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. அவர் பணியாற்றியது யாருக்காக? பிரிட்டனுக்காக! 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது அளித்ததும் பிரிட்டன்தான். அல்லாஹ்வின் நாட்டங்கள் எத்தனை விசித்திரமானவை!

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இரயில் பாதை வேலூர் கண்டோன்மென்ட் வழியாகத்தான் போகிறது. மருத்துவமனைக்கென்று அந்தப் பாதையில் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. நோயாளியைப் பார்த்துவிட்டு நேரமிருந்தால் கோட்டையையும் சுற்றிவருவார்கள், அகழியைக் காண்பார்கள், ஹைதர் மஹால், திப்பு மஹால் என்று கைகாட்டுவார்கள். கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் திப்பு குடும்பத்தாரின் அடக்கத்தலம் இருக்கிறது. அதற்குப் போகிறவர்கள் மிகச் சிலர். ஏறத்தாழ 400 கபுருகள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், கலகம் நடந்த 1806ஆம் ஆண்டிலேயே மறைந்து அங்கே அடங்கியிருக்கிறார். திப்புவின் மனைவி பாத்ஷா பேகமும் அங்கேதான். அவர் மறைந்தது 1834இல். கணவர் ஷஹீதாகி 35 ஆண்டுகள் வாழ்ந்து தீர்த்தார். சுல்தானின் கபுரு சீரங்கப்பட்டணத்து கும்பஸில். ஆண்மக்கள் பலரின் கபுருகள் கல்கத்தாவில். அந்த அம்மையாரோடு வேலூர் மண்ணில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுத்த முறை வேலூர் போகும்போது அவர்களுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள்.