காலரைத் திருகினால் ஸ்பிரிங் இறுகுமா?



போன எபிசோடின் கடைசியில் ஆர்சி கார், அதாவது ரேடியோ கன்ட்ரோல் கார் ரேஸ் பற்றி அஞ்சு நிமிஷம் பேசினோம். அதுக்கு வந்த மெயில்களில் ஒன்று லெஸ்டரில் இருந்து. எழுதியவர் ஒரு அப்பா. பொண்ணுக்கு 12 வயசு. குளிர்காலத்தில் வாரா வாரம் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாலில் கார்ப்பெட் விரித்து நடக்கிற கிளப் ரேஸுக்கு ரெண்டு பேரும் போறாங்க. கார், 1:10 அளவு டூரிங் கார், செகண்ட் ஹேண்ட். பிரச்சினை இதுதான்: இடது பக்கம் திருப்பினால் பம்பரம் மாதிரி சுத்துது. வலது பக்கம் திருப்பினால் திரும்பவே மாட்டேங்குது, நேராப் போய் ஓரத்தில் முட்டுது. பக்கத்து டேபிள்காரர் "பின் ஸ்பிரிங் லூஸா இருக்கு, காலரை டைட் பண்ணுங்க" என்று சொல்ல, இவரும் பண்ணியிருக்கிறார். இன்னும் மோசம். இப்போ "புதுக் கார் வாங்கிடுங்க" என்கிறார்களாம். 500 பவுண்டை ஒட்டிய செலவு. பொண்ணு "எனக்கு ஓட்டத் தெரியலப்பா, விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த வாரம் செயற்கை நுண்ணறிவுச் செய்திகளை ஒதுக்கி வச்சுட்டு ஸ்பிரிங் பற்றி எழுதுகிறேன். நான் பகலில் கான்ட்ராக்டில் கோடு எழுதுகிறவன், வார நாட்களில் ஒரு ராத்திரி இதே மாதிரி கார்ப்பெட்டில் கார் ஓட்டுகிறவன். ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா நடந்துக்கிற காரை யார் கையில் கொடுத்தாலும் சுவரில்தான் முட்டும். அந்தப் பொண்ணு மேல் ஒரு தப்பும் இல்லை.

முதலில் பாகங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பிளாஸ்டிக் கை தாங்கும். எல்லோரும் சொல்வது 'ஆர்ம்'. அதன் உள்முனை சேஸியில் கீல் மாதிரி மாட்டியிருக்கும். ஆர்ம் மேலிருந்து ஷாக் டவர் வரைக்கும் சாய்வா நிற்பது ஷாக். உள்ளே எண்ணெயும் பிஸ்டனும், வெளியே சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல்முனையில் திருகக்கூடிய வளையம் ஒன்று இருக்கும், அதுதான் காலர். அதைக் கீழே திருகினால் ஸ்பிரிங் அமுங்குது, கையால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாத் தெரியுது. அதனால் "ஸ்பிரிங் இறுகிடுச்சு" என்று நினைக்கிறோம். இறுகவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சின்னக் கணக்குதான்.

கார் எடை 1,400 கிராம், நாலு சக்கரத்துக்கும் சமமாப் பிரிந்தால் ஒன்றுக்கு 350 கிராம். கீலில் இருந்து சக்கரம் 80 மி.மீ தூரம், ஷாக் மாட்டிய ஓட்டை 50 மி.மீ தூரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதா இருக்க ஷாக்கின் சாய்வை விட்டுவிடுகிறேன். நெம்புகோல் கணக்குப்படி ஸ்பிரிங் தாங்க வேண்டியது 350 × 80 ÷ 50, அதாவது 560 கிராம். ஸ்பிரிங்கை 1 மி.மீ அமுக்க 250 கிராம் வேணும் என்றால், கார் தரையில் நிற்கும்போது அது சுமார் 2.2 மி.மீ அமுங்கியிருக்கும்.

இப்போ ரெண்டு பின் காலரையும் 2 மி.மீ கீழே இறக்குங்க. காரின் எடை மாறியதா? இல்லை. ஸ்பிரிங் தாங்க வேண்டியது அதே 560 கிராம்தான், அதனால் அது அமுங்கியிருப்பதும் அதே 2.2 மி.மீதான். அப்போ நீங்க இறக்கிய 2 மி.மீ எங்கே போச்சு? காரின் பின்பக்கம் மேலே ஏறிவிட்டது. 80-க்கு 50 கணக்கில் 3.2 மி.மீ உயரம். அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு மேல் ஸ்பிரிங்கை இன்னும் 1 மி.மீ அமுக்க முன்னாடி 250 கிராம் வேணும், இப்பவும் 250 கிராம்தான் வேணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு: ஒய் = எம்எக்ஸ் + சி. காலர் மாற்றுவது 'சி'. 'எம்' மாறணும்னா வேற ஸ்பிரிங் போடணும்.

பின்னே கைக்கு ஏன் கெட்டியாத் தெரியுது? காரைக் கையில் தூக்கிப் பிடித்து ஆர்மை அழுத்தும்போது ஷாக் முழுசா நீண்ட நிலையில் இருக்கும். காலர் கொடுத்த ஆரம்ப அழுத்தத்தைத் தாண்டின பிறகுதான் அது அசையவே ஆரம்பிக்கும். விரல் உணர்வது அந்த ஆரம்பத் தடையை. தரையில் நிற்கும் காரில் அந்தத் தடையை எடையே ஏற்கெனவே தாண்டியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: காலரை அளவுக்கு மீறி இறக்கி, தரையில் வைத்தும் ஷாக் முழுசா நீண்டே நிற்கிறது என்றால் சின்ன மேடுகளுக்கு அந்தச் சக்கரம் அசையாது, கட்டை மாதிரி இருக்கும். அது செட்டப் இல்லை, கோளாறு.

(ஊரில் பைக் பின்னாடி ரெண்டு பேர் ஏறுவதாக இருந்தால் மெக்கானிக் ஷாக் அப்சார்பரில் ஒரு படி ஏத்திவிட்டு "டைட் பண்ணியாச்சு" என்பாரே, அதுவும் இதே கதைதான். ஏறினது உயரம். ஆள் உட்கார்ந்ததும் இறங்குகிற அளவை முன்கூட்டியே ஈடுகட்டுகிறார். செய்வது சரி, பேர்தான் தப்பு.)

சரி, 'எம்' எதில் இருக்கிறது? கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பி செய்த உலோகம். இதில் தடிமன் நாலாம் அடுக்கில் வரும். 1.3 மி.மீ கம்பியை விட்டு, மற்ற அளவுகள் அதேயா இருக்கும் 1.4 மி.மீ கம்பிக்குப் போனால் ஸ்பிரிங் சுமார் 34 சதவீதம் கெட்டியாகும். வெறும் 0.1 மி.மீ வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கம்பெனிகள் ஸ்பிரிங்குக்குக் கலர் அடித்து விற்கின்றன. ஆனால் கலரை நம்பி வேற கம்பெனி ஸ்பிரிங்கைக் கலந்து போடாதீங்க. ஒருத்தருக்குச் சிவப்பு மென்மை, இன்னொருத்தருக்குச் சிவப்பு கடினம். இதில் பொது விதி எதுவும் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால் நான் கலரைப் பார்க்கவே மாட்டேன், சமையலறைத் தராசை எடுப்பேன். ஸ்பிரிங்கைத் தராசு மேல் நிறுத்தி, கேலிப்பர் வைத்து 5 மி.மீ அமுக்குங்க. தராசு காட்டுகிற கிராமை 5-ஆல் வகுத்தால் மி.மீ-க்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். நாலு ஸ்பிரிங்கையும் இப்படி அளந்து பாருங்க. ஒரே கலரில் இருக்கும் இடது-வலது ஜோடி ஒரே எண்ணைக் காட்டணும். காட்டவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம், முதலில் ஜோடியை மாத்துங்க.

ஸ்பிரிங்கை மாத்தாமலே கடினத்தை மாத்த இன்னொரு வழி, ஆர்மில் இருக்கும் அடுத்த ஓட்டை. ஷாக்கை 50 மி.மீ ஓட்டையில் இருந்து 55 மி.மீ ஓட்டைக்கு நகர்த்தினால் சக்கரம் உணர்கிற கடினம் 21 சதவீதம் கூடும். 10 சதவீத நகர்வுக்கு 21 எப்படி? நெம்புகோல் ரெண்டு தடவை வேலை செய்கிறது. ஸ்பிரிங் கூடுதல் தூரம் அமுங்குகிறது, அமுங்கியதால் வந்த விசையும் கூடுதல் தூரத்தில் இருந்து தள்ளுகிறது. அதனால் விகிதம் வர்க்கமாகிறது. கிளப்பில் ஸ்பிரிங் பெட்டியே பெட்டியாக வைத்திருப்பவர்கள் பலரும் இந்த ஓட்டைகளை மறந்துவிடுவார்கள். ஓட்டை இலவசம்.

இப்போ லெஸ்டர் காருக்கு வருவோம். ரெண்டு பக்கமும் சுத்தினால் ஸ்பிரிங்கை, டயரைச் சந்தேகப்படலாம். ஒரு பக்கம் சுத்தி மறுபக்கம் திரும்பாமல் போனால் எனக்கு முதல் சந்தேகம் மூலைவிட்ட எடை. நாலு கால் ஸ்டூலில் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்துப் பாருங்க. அந்தக் காலும் அதுக்கு எதிர் மூலையில் இருக்கும் காலும் பாரத்தை வாங்கிக்கும், மற்ற ரெண்டும் லேசாகிடும். வலது பின் காலரை இடதைவிட அதிகமா இறக்கினால் இதேதான் நடக்கும். வலது பின்னும் இடது முன்னும் கனம், இடது பின்னும் வலது முன்னும் லேசு.

இந்தக் கார் இடது பக்கம் திரும்பும்போது எடை வலது பக்கம் சாயும். ஏற்கெனவே கனத்தில் இருக்கும் வலது பின் டயர் மேல் இன்னும் பாரம், லேசான இடது பின் டயரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பின்பக்கம் பிடி விடும், கார் சுத்தும். வலது பக்கம் திரும்பும்போது கதை தலைகீழ்: பாரம் எல்லாம் இடது முன் டயர் மேல் விழுந்து முன்பக்கம் பிடி விடும், கார் நேராப் போகும். மெயிலில் சொன்ன அதே அறிகுறி.

கண்டுபிடிக்க மேஜையும் ஸ்க்ரூட்ரைவரும் போதும். சமதளமான கண்ணாடி அல்லது கல் பலகை மேல் காரை வைத்து, சேஸியின் முன்முனையில் சரியா நடுவில் ஸ்க்ரூட்ரைவர் நுனியைக் கொடுத்து மெதுவாத் தூக்குங்க. ரெண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விடணும். வலது முன் சக்கரம் முதலில் எழும்பினால் அது லேசு. முன்பக்கத்தைத் தூக்கும்போது கார் பின் ஸ்பிரிங்குகள் மேல்தான் நிற்கிறது, அதனால் கோளாறு பின் காலர்களில். முன் காலர்களைச் சோதிக்க இதையே பின்முனையைத் தூக்கிச் செய்யணும். இதுக்கு முன்னாடி ஷாக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஆர்மும் தன் எடையிலேயே தொங்கி விழுகிறதா என்று பாருங்க. இறுகின ஆர்ம் இதே அறிகுறியைக் காட்டும், காலரை எவ்வளவு திருகினாலும் தீராது.

சரி செய்யும்போது கண்ணளவு வேண்டாம். ஷாக்கின் மேல்தொப்பியில் இருந்து காலர் வரை இடைவெளியைக் கேலிப்பரால் அளந்து, இடதும் வலதும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாங்க. பிறகு கார் உயரத்தைப் பார்த்து ரெண்டையும் சேர்த்தே ஏத்துங்க, சேர்த்தே இறக்குங்க. லெஸ்டர் அண்ணா, நாலு காலர் இடைவெளியையும் அளந்து எனக்கு மெயில் பண்ணுங்க. பார்ட்ஸ் எதுவும் ஆர்டர் பண்ண வேண்டாம்.

எல்லாம் சமமான பிறகும் ரெண்டு பக்கமும் பின்பக்கம் வழுக்கினால்தான் ஸ்பிரிங் மாத்துகிற பேச்சு. இங்கே நிறைய பேருக்குத் தலைகீழாத் தோன்றும் விஷயம் ஒன்று: வழுக்குகிற முனைக்கு மென்மையான ஸ்பிரிங் போடணும். ஏன்? திருப்பத்தில் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போகிற மொத்த எடையை முடிவு செய்வது காரின் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்பவை. ஸ்பிரிங்கால் அந்த மொத்தத்தைக் குறைக்க முடியாது. முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க மட்டும்தான் முடியும். நம்ம பாஷையில் சொன்னா அது லோட் பேலன்சர். வர்ற ரிக்வெஸ்ட் குறையாது, எந்த சர்வருக்குப் போகுது என்பதுதான் மாறும். கடினமான முனை அதிக பங்கை வாங்கிக்கொள்ளும்.

டயருக்குப் பாரம் இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாத்தான் கூடும். புரிவதற்காக நானே எடுத்த எண்கள்: டயர் மேல் 350 கிராம் என்றால் பிடி 350, 500 என்றால் 465, 200 என்றால் 215. பின் டயர் ரெண்டிலும் 350 இருந்தால் மொத்தப் பிடி 700. திருப்பத்தில் அது 500, 200 என்று பிரிந்தால் 680. இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டு 600, 100 என்று பிரிந்தால், அந்த வளைவுக் கணக்கில் 525-ம் 112-ம், மொத்தம் 637. பின்பக்கத்தை மென்மையாக்கினால் பங்கு முன்னாடி போகும், பின்பக்கம் பிடிக்கும், முன்பக்கம் கொஞ்சம் விடும். பின் ஸ்பிரிங்கை அப்படியே விட்டு முன்னாடி கடினமாக்கினாலும் அதே திசைதான். எது நல்லது என்பது தரையைப் பொறுத்தது. புல்லிலும் மேடுபள்ளத்திலும் மென்மைதான் சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைக்கும். பிடி ரொம்ப அதிகமான கார்ப்பெட்டில் மென்மையான கார் சாய்ந்து குப்புறக் கவிழும், அங்கே ரெண்டு முனையும் கடினமா இருப்பது நல்லது.

எண்ணெய் பற்றி இன்னொரு நாள். இப்போதைக்கு: ஸ்பிரிங் 12 சதவீதம் கெட்டியானால் எண்ணெய்த் தடை சுமார் 6 சதவீதம்தான் கூடணும், அது வர்க்கமூலத்தில் போகும். ஸ்பிரிங்கை ஒரு கலர் மாத்தினதுக்கு எண்ணெயைத் தேடி ஓட வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், ஒரே கமிட்டில் நாலு ஃபைலைத் தொடாத மாதிரி. டயர் சூடான பிறகு பத்து லேப் ஓட்டுங்க. டிரான்ஸ்பாண்டர் காட்டுகிற பத்து நேரங்களில் வேகமானதை விட்டுவிட்டு நடுவில் வருவதை எழுதி வையுங்க. வேகமான லேப் சில நேரம் அதிர்ஷ்டத்தில் வரும். கூடவே பத்தில் எத்தனை தடவை முட்டியது என்பதையும் எழுதுங்க. 12 வயசுக்கு முதல் மாசம் அந்த ரெண்டாவது எண்ணை மட்டும் காட்டினாலே போதும்.