உப்புக் காத்துல கம்ப்யூட்டர் ஃபேன் எவ்வளவு வேகமா ஓடணும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மரக்காணத்துல உப்பளத்துக்குப் போற ரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "தம்பி, கடை சிஸ்டம் காலையில ஆன் பண்ணதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரே இரைச்சல். சர்வீஸ் பையன், 'ஃபேன் வேகமா ஓடுனா நல்லதுதான்க்கா, கூலா இருக்கும்'ங்கிறான். ஆனா ரெண்டு வருஷத்துல ரெண்டு மதர்போர்டு போயிடுச்சு. மூணாவதுக்கு என்கிட்ட காசு இல்ல."

அந்தப் பையன் சொன்னது பெங்களூர்ல பாதி சரி. மரக்காணத்துல எனக்கு ஒப்புதல் இல்ல.

ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் கழுவெளி, நடுவுல பாத்தி பாத்தியா உப்பு. அந்தக் காத்துல கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் மிதக்கும். ஃபேன் இழுக்கிற ஒவ்வொரு கன மீட்டர் காத்தோடயும் கொஞ்சம் உப்பு உள்ள போய் போர்டு மேல படியும். படிஞ்ச உப்பு காய்ஞ்சிருக்கிற வரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சோடியம் குளோரைடு தண்ணியை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். சமையலறையில கல் உப்பு ஜாடி மழைக்காலத்துல தண்ணி விட்டுக்குதே, அதேதான். (ஜாடி முன்னாடியே கசியுதேன்னு கேட்பீங்க. கடல் உப்புல கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அதுக்கு 33 சதவீதமே போதும்.) கரைஞ்ச உப்புத் தண்ணி கரன்ட் கடத்தும், செம்பை அரிக்கும். அந்த ரெண்டு போர்டும் உப்பாலதான் போச்சுன்னு நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு சொல்ல முடியாது. கரன்ட் ஏற்ற இறக்கமாவும் இருக்கலாம். பழைய போர்டு கையில இருந்தா திருப்பிப் பாருங்க. பின் ஓரங்கள்ல பச்சை பூத்திருந்தா செம்பு அரிச்சிருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். டைப்பிங், ஸ்கேன், பிரின்ட் வேலையில அந்த சிஸ்டம் 60 வாட் அளவுக்கு சூடு விடுதுன்னு வச்சுப்போம். கேபினெட் ஃபேன் முழு வேகத்துல மணிக்கு 100 கன மீட்டர் காத்து இழுத்தா, அந்தக் காத்து வெளிய வரும்போது 2 டிகிரிதான் சூடேறியிருக்கும். வேகத்தை மூணுல ஒரு பங்கா குறைச்சா காத்தும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, மணிக்கு 35 கன மீட்டர். அப்ப சூடேற்றம் 5 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அதாவது வெறும் மூணு மூணரை டிகிரி லாபத்துக்காக மூணு மடங்கு உப்பை உள்ள கொண்டு வர்றோம். பிராசசர் 70 டிகிரியில நிம்மதியா வேலை செய்யும். பெரும்பாலான பிராசசர்கள் 95, 100 டிகிரி கிட்டதான் தன் வேகத்தைக் குறைச்சுக்கும்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஐப்பசி மழையில காலையில கடை திறக்கும்போது வெளிக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு எடுத்துக்கோங்க. அதே காத்து கேபினெட்டுக்குள்ள 2 டிகிரி சூடானா ஈரப்பதம் 76 கிட்ட வரும். 5 டிகிரிக்கு மேல சூடானா 63 கிட்ட இறங்கிடும். முன்னது 75ங்கிற கோட்டுக்கு மேல, பின்னது கீழ. மெதுவா ஓடுற ஃபேன் உள்ள இருக்கிற உப்பைக் காய வைக்குது. சிப்புக்குப் பக்கத்துல சூடு இன்னும் அதிகம், மூலையில குறைவுன்னு இடத்துக்கு இடம் மாறும். ஆனா கணக்கு போற திசை இதுதான்.

சரி, எப்படிக் குறைக்கிறது? முதல்ல ஒயரைப் பாருங்க. அசெம்பிள் சிஸ்டம் நிறையதுல கேபினெட் ஃபேனை மதர்போர்டுல சொருகாம, பவர் சப்ளைலேர்ந்து வர்ற மோலெக்ஸ் கனெக்டர்ல நேரா மாட்டிடுவாங்க. அதுல எப்பவும் 12 வோல்ட். எந்த சாஃப்ட்வேராலயும் குறைக்க முடியாது. அக்கா சொல்ற நிக்காத இரைச்சலுக்கு என் முதல் சந்தேகம் இதுதான்.

ஃபேன்ல 3 பின் கனெக்டரும் இருந்தா, மதர்போர்டுல 'சிஸ் ஃபேன்', 'சேசிஸ் ஃபேன்'னு எழுதியிருக்கிற இடத்துல மாட்டுங்க. 3 பின் ஃபேனை வோல்டேஜைக் குறைச்சுதான் மெதுவாக்க முடியும். அதனால பயாஸ்ல டி.சி. மோடு வைக்கணும். பி.டபிள்யூ.எம். மோடுல விட்டா 12 வோல்ட் அப்படியே போய், ஃபேன் முழு வேகத்துலயே ஓடும். 4 பின் ஃபேன்னா பி.டபிள்யூ.எம்.: 12 வோல்ட் மாறாது, நாலாவது ஒயர்ல நொடிக்கு 25,000 தடவை ஆன்-ஆஃப் சிக்னல் போகும், அதுல ஆன் நேரம் எவ்வளவோ அதுக்கேத்த வேகம். 4 பின் ஃபேன் 20, 30 சதவீதத்துலயும் ஓடும். 3 பின் ஃபேன் 4, 5 வோல்ட்டுக்குக் கீழ நின்னுடலாம், அதனால 40 சதவீதத்துக்குக் கீழ போகாதீங்க.

பயாஸ்க்குள்ள போக, ஆன் பண்ணதும் டெலீட் இல்லன்னா எஃப்2. ஃபேன் கர்வ் யூடியூப்ல பார்த்து அப்படியே போடாதீங்க. அந்த ஆள் ரூம் 22 டிகிரி, உங்க கடை சித்திரையில 36. உங்க சிப் எப்பவும் அவரோடதை விட 14 டிகிரி சூடாத்தான் இருக்கும். அவர் கர்வ் போட்டா உங்க ஃபேன் நாள் பூரா கத்தும். 4 பின் கேபினெட் ஃபேனுக்கு நான் வைக்கிறது: 55 டிகிரி வரைக்கும் 30 சதவீதம், 70ல 45, 80ல 75, 88ல முழு வேகம். 3 பின்னா 30க்குப் பதிலா 40லேர்ந்து ஆரம்பிங்க. ஒரு பி.டி.எஃப். திறந்தாலே சிப் சூடு ரெண்டு விநாடி எகிறி இறங்கும். அதுக்கெல்லாம் ஃபேன் பாயாம இருக்க 'ஸ்டெப் அப் டைம்' மாதிரி தாமத செட்டிங் இருந்தா கூட்டி வைங்க. லினக்ஸ்ல எல்.எம். சென்சார்ஸ் போட்டு, பி.டபிள்யூ.எம். கான்ஃபிக் ஓட்டினா, ஒவ்வொரு ஃபேனும் எந்த வேகத்துல நிக்குது, எதுல கிளம்புதுன்னு அதுவே சோதிச்சு எழுதிக்கும்.

மாத்தினப்புறம் ஒரு வாரம் சூட்டைப் பாருங்க. வேலை நேரத்துல 80 தாண்டினா கர்வைக் கொஞ்சம் ஏத்துங்க. ஃபேன் ஆர்.பி.எம்.மும் குறிச்சு வைங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே சதவீதத்துல ஆர்.பி.எம். நல்லா இறங்கியிருந்தா பேரிங் போக ஆரம்பிச்சிருக்கு, இல்லன்னா தூசி சேர்ந்திருக்கு. தூசி ஈரத்தையும் உப்பையும் பிடிச்சு வச்சுக்கும், அதனால வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவிக் காய வைங்க. புளோயர் அடிச்சா ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க.

கர்வ் எட்டாத ஒரு இடம் இருக்கு: பவர் சப்ளை. அதோட ஃபேன் பெரும்பாலும் அதுவே தன் சூட்டைப் பார்த்து ஓடும், நாம சொல்றதைக் கேட்காது. நிறைய கேபினெட்ல அது அடியில, தரையோரக் காத்தை இழுக்குது. கடைக்குள்ள மணலும் உப்பும் அதிகம் கிடக்கிறதும் அங்கதான். அதைத் திறக்காதீங்க, ஆஃப் பண்ணப்புறமும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஒரு ஸ்டூல் மேல கேபினெட்டைத் தூக்கி வச்சு, காத்து ஓட்டையைக் கடல் பக்கத்து வாசலுக்கு எதிர்ப்பக்கமா திருப்பி வைங்க.