'வன்முறை மரபணு': பாதி மட்டும் சொல்லப்பட்ட கதை

"கொலைகாரர்களின் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே, என் மகனுக்குச் சோதித்துப் பார்க்கலாமா?" வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்விதான் அதிகம். குரோமோசோம் பாடத்தை விட்டுவிட்டு, குழப்பத்தின் வேருக்கே போகலாம்.

நெதர்லாந்தின் மரபியலாளர் ஹான் புருன்னர் 1993-இல் விவரித்த ஒரு குடும்பத்தில், ஆவேசமும் தீவைப்பும் பாலியல் அத்துமீறலுமாக இருந்த ஆண்களிடம் எம்ஏஓஏ என்ற மரபணு அடியோடு செயலிழந்திருந்தது. மூளையில் செரோட்டோனின், டோபமின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதி அவர்களிடம் உருவாகவே இல்லை. இது மிக அரிது. ஊடகங்கள் 'போர்வீரன் மரபணு' என்று பெயர் சூட்டியது வேறொன்றுக்கு: இதே மரபணுவின், நொதியைக் குறைவாக உருவாக்கும் சாதாரண வகைக்கு.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த வகை இருந்தது. அவர்களெல்லாம் குற்றவாளிகளா? இல்லை. 2002-இல் இந்த ஆய்விலிருந்து காஸ்பி, மொஃபிட் என்ற ஆய்வாளர்களின் குழு வெளியிட்ட முடிவின் உயிர்நாடி இங்கேதான். நல்லபடி வளர்க்கப்பட்டவர்களிடம் இந்த வகையால் வன்முறை கூடவில்லை. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம்தான் கூடியது. இந்த மரபணு வகை, கொடுமை இரண்டும் சேர்ந்தவர்கள் ஆய்வில் இருந்த ஆண்களில் 12 சதவீதம். வன்முறைத் தண்டனைகளில் அவர்கள் பங்கு 44 சதவீதம். பின்வந்த ஆய்வுகள் சில இதை உறுதிசெய்தன, சில செய்யவில்லை.

'தண்டனை' என்ற அளவுகோலையும் நான் அப்படியே நம்பமாட்டேன். போலீஸ் பிடித்து, நீதிமன்றம் தீர்ப்பளித்தால்தான் அந்தக் கணக்கில் வன்முறை. வீட்டுக்குள் மனைவியை அடித்து வழக்கே ஆகாதவர் அதில் வரமாட்டார்.

2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த மரபணுவையும் கருதி ஒரு கொலையாளியின் தண்டனையை ஓராண்டு குறைத்தது. என்னை உறுத்துவது இதுதான்: அதே சான்றை அரசுத் தரப்பு எடுத்து, 'இவர் மாறவே மாட்டார், வெளியே விடாதீர்கள்' என்றும் வாதிடலாம். குழுவின் சராசரியை வைத்துத் தனிமனிதரின் செயலை விளக்க முடியாது.

இதே போன்ற இன்னொரு கேள்வி: கூடுதல் ஒய் குரோமோசோம் உள்ளவர்கள் முரடர்களா? 1976-இல் வெளியான டென்மார்க் ஆய்வு அப்படிக் காட்டவில்லை.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் காரணமா? போட்டியும் வெற்றியுமே அதை ஏற்றும். காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது கடினம்.

மகனுக்குச் சோதனை? வேண்டாம். மரபணுவை நம்மால் மாற்ற முடியாது, அடியை நிறுத்த முடியும். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபடுவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.